தொண்ணூறு நாளுக்கு அப்புறம்

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கழுத்துக்குப் பின்னால் தளர்ந்திருக்கும் தோலை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, மறு கையைப் பின்னங்கால்களுக்கு அடியில் கொடுத்து, மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். அதன் முகத்தை முழங்கை மடிப்புக்குள் புதைத்துவிட்டால் இருட்டிவிட்டது என்று நினைத்து அடங்கிவிடும். கலியனுக்கு இது கைவந்திருந்தது. தெற்கு டெல்லியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் பின்கட்டில் இருந்த பிராணிக் கூடத்தில் அவன் ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, ஊசி போடும்போது பிடித்துக்கொள்வது, கடைசி ஊசியின்போதும் பிடித்துக்கொள்வது, எல்லாம் அவன்தான்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து ஜங்புராவில் நாலா என்ற பெரிய சாக்கடைக்குப் பக்கத்தில், தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்பில் குடிசை போட்டவன். மனைவி பவுனு பக்கத்துப் போகல் பகுதியில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள்.

2002 பிப்ரவரியில் ஒரு நாள் தீனி மூட்டையைத் தோளுக்கு ஏற்றும்போது அடிவயிற்றுக்குக் கீழே, வலது தொடை இடுக்கில், ஏதோ நழுவி இறங்கியது போல இருந்தது. வலி பெரிதாக இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. படுத்தால் உள்ளே போனது, எழுந்தால் வெளியே வந்தது. இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. குளிக்கும்போது பவுனு பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த நாளே வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவனைப் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அங்கிருந்த இளம் டாக்டர் அழுத்திப் பார்த்தார், இருமச் சொன்னார், சீட்டில் எழுதினார். "ஹெர்னியா ஹை. கப்ராவோ மத். ஜாலி லகா தேங்கே." குடலிறக்கம், பயப்படாதே, ஆபரேஷன் செய்து ஜாலி வைப்போம் என்பது கலியனுக்குப் புரிந்தது.

வெளியே வந்ததும் பவுனு வெடித்தாள். "வயித்தக் கிழிக்கப் போறேன்றான், அதுல என்னாய்யா ஜாலி அவனுக்கு?"

"அதில்லடி. ஜாலின்னா வலை. ஜன்னல்ல அடிக்கிறாங்களே, அது."

"வயித்துக்குள்ள எதுக்கு வலை?"

அது கலியனுக்கும் தெரியவில்லை. மார்ச் பதினைந்தாம் தேதி வரச் சொல்லியிருந்தார்கள்.

அதே மார்ச் நாலாம் தேதி பிராணிக் கூடத்தில் வைஷ்ணவியின் வேலை தொடங்கியது. வைஷ்ணவி ஆராய்ச்சி மாணவி. இருபத்தாறு வயது. அப்பா மத்திய அரசில் இருந்தார், லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வீடு. பிறந்து வளர்ந்தது எல்லாம் டெல்லி. தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அந்தக் கட்டடத்தில் கலியனோடு தமிழ் பேச இருந்த ஒரே ஆள் அவள்தான். 'கலியண்ணா' என்று கூப்பிடுவாள். அவன் அவளை 'டாக்டரம்மா' என்பான். "இன்னும் ஆகலை, அண்ணா" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவாள்.

இருபத்தாறு வெள்ளை முயல்கள். ஒவ்வொன்றுக்கும் மயக்கம் கொடுத்து, வயிற்று ரோமத்தை மழித்து, தோலைக் கீறி, உள்ளே ஏதோ ஒரு சின்னத் துண்டை வைத்துத் தைத்தார்கள். கலியன் பிடித்துக் கொடுத்தான், வாங்கிக் கூண்டில் விட்டான். உள்ளே என்ன வைத்தார்கள் என்று அவன் கவனிக்கவில்லை. அவன் கவனம் முழுக்கத் தன் தொடை இடுக்கில் இருந்தது. ஏழாம் நாள் ஆறு முயல்களுக்குக் கடைசி ஊசி போட்டார்கள். அதையும் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

ஆபரேஷன் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்ச் கடைசியில், மூட்டை தூக்குவதில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

"என்ன ஆபரேஷன், அண்ணா?" என்று வைஷ்ணவி கேட்டாள்.

பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டுக்கொண்டே சீட்டை எடுத்து நீட்டினான். அவள் படித்தாள். படித்து முடித்த பிறகும் சீட்டைத் திருப்பித் தரவில்லை.

"மெஷ் வெச்சிருக்காங்க."

"ஆமாம்மா. ஜாலி."

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கவரை எடுத்தாள். அதற்குள் வெள்ளையாக, தபால் அட்டை அளவில், ஒரு வலை. கொசுவலை போலத்தான் இருந்தது, கொஞ்சம் விறைப்பாக. "இதுதான். உங்களுக்கு வெச்சதும் இந்த மாதிரிதான். பாலிப்ரொப்பிலீன். மத்லப், பிளாஸ்டிக் நூல்."

கலியன் தொட்டுப் பார்த்தான். விரலில் சொரசொரத்தது.

"இதைத்தான் இந்த முயலுங்களுக்கு வெச்சீங்களா?"

"பாதிக்கு இது. மீதிக்கு இதே வலைமேல ஒரு புது பூச்சு பூசினது. எது நல்லாருக்குன்னு பாக்கறோம்."

அவன் கணக்குப் போட்டான். முயல்களுக்கு நாலாம் தேதி. தனக்குப் பதினைந்து. பதினோரு நாள் இடைவெளி. தன் உடம்பில் இன்று நடப்பது இந்த முயல்களின் உடம்பில் பதினோரு நாளுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

"உள்ள என்னாம்மா நடக்குது?" என்று கேட்டான்.

அவள் மைக்ராஸ்கோப்பை அவன் பக்கம் திருப்பினாள். ஏழாம் நாள் எடுத்த துண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். ரோஜா நிறத்தில் ஒரு விரிப்பு. நடுவில் வட்டமாக வெள்ளை ஓட்டைகள். அவற்றைச் சுற்றி ஊதாப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன.

"அந்த வெள்ளை ஓட்டைதான் நூல் இருந்த இடம். சுத்தி இருக்கிற புள்ளி எல்லாம் செல். மேக்ரோஃபேஜ்னு பேரு. தமிழ்ல…" அவள் யோசித்தாள். "தெரியலை. அதுங்க வேலை தின்னறது. கிருமி, செத்துப்போன சதை, தூசி, உடம்புக்குள்ள எது வந்தாலும் தின்னு தீத்துடும்."

"தின்னிங்க."

"அச்சா, தின்னிங்க." அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இதைத் தின்னுடுமா?"

"முடியாது. பிளாஸ்டிக். அதுங்களைவிட நூல் ரொம்பப் பெரிசு." அவள் இன்னொரு கண்ணாடித் துண்டை மாற்றினாள். பதினாலாம் நாள். "இப்பப் பாருங்க."

ஓட்டையை ஒட்டி, மற்றவற்றைப்போல் இருபது மடங்கு பெரிதாக ஒன்று படுத்திருந்தது. அதற்குள் ஒரு புள்ளிக்குப் பதிலாகக் கொத்தாகப் பத்துப் பதினைந்து புள்ளிகள்.

"தனித்தனியா முடியலைன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஒரே செல்லா ஆயிடும். அப்படியும் முடியாது. ஆசிட் மாதிரி ஏதேதோ கக்கிப் பாக்கும். அப்பறம் வேற செல் வந்து சுத்தி சதையால சுவர் கட்டும். அந்தச் சுவர்தான் உங்க ஹெர்னியாவைத் தாங்குது. அதுக்குத்தான் வலை வைக்கறாங்க. இது கெட்டது இல்லை, அண்ணா."

"தின்ன முடியலன்னா வுட்டுட்டுப் போவ வேண்டியதுதானே?"

"அதுங்களுக்குப் போகத் தெரியாது," என்றாள் வைஷ்ணவி. சொன்ன பிறகு அது சரியான பதில்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்ததுபோல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அன்று பஸ்ஸில் ஆசிரமம் சிக்னல் வரும்வரை கலியன் அடிவயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றான். தையல் ஆறிய இடம் மரத்திருந்தது. உள்ளே அவனைக் கேட்காமல் வேலை நடந்துகொண்டிருந்தது.

முப்பதாம் நாள் முயல்களைத் திறந்தபோது அவன் வெளியே போகாமல் அங்கேயே நின்றான். வலை சதைக்குள் ஊன்றியிருந்தது. வைஷ்ணவி இடுக்கியால் இழுத்துக் காட்டினாள், வரவில்லை. "எவ்வளவு கெட்டியா பிடிச்சிருக்கு பாருங்க!" என்றாள் சந்தோஷமாக. பிறகு அளவுகோலை வைத்து அளந்தாள். நாலு சென்டிமீட்டருக்கு நாலு வைத்த வலை, மூன்றரைக்கும் குறைவாக இருந்தது.

"சின்னதா ஆயிருக்கே?"

"சுவர் இறுகும்போது வலையும் சுருங்கும். கொஞ்சம்தான்."

கலியன் தன் கணக்கில் குறித்துக்கொண்டான். இன்னும் பதினோரு நாளில் எனக்கும் இவ்வளவு.

மே மாதம் அனல் கொட்டியது. கூலர் இரண்டு நாள் வேலை செய்யவில்லை. மொத்தத்தில் இருபத்துநாலு முயல்கள்தான் கணக்கில் சேரும், இரண்டு உபரி. அந்த உபரியில் ஒன்று வெயில் தாங்காமல் செத்துப்போனது. மற்றது, இருபத்தைந்தாம் நம்பர், கலியன் ஈரச் சாக்கைக் கூண்டின்மேல் போட்டுப் போட்டுக் காப்பாற்றிய முயல். அதற்குள்ளே இருந்தது வெறும் வலை. பூச்சு இல்லாதது.

ஜூன் ஆரம்பத்தில் தொண்ணூறாம் நாள் வந்தது. கடைசி ஆறு முயல்களையும் பிடித்துக் கொடுத்தான். வலை இப்போது மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. கண்ணாடித் துண்டில் அந்தப் பெரிய செல்கள் அப்படியே இருந்தன. நூலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒன்றுகூட நகராமல்.

"இதுக்கு அப்புறம் என்னா ஆவும்?"

"ஸ்டடி முடிஞ்சுது, அண்ணா. தொண்ணூறு நாள்தான்."

"அது தெரியுதும்மா. தொண்ணூறு நாளுக்கு அப்புறம் உள்ள என்னா ஆவும்?"

"சாதாரணமா செட்டில் ஆயிடும்னு சொல்றாங்க."

"யாரு பாத்தாங்க?"

அவள் கண்ணாடித் துண்டைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"என்னைய தொண்ணூறு நாள்ல யாரும் ஊசி போட்டு முடிக்கப் போறதில்ல. எனக்கு நாப்பத்தி நாலு வயசு. இன்னும் இருவது வருசம் இது உள்ள இருக்கணும். இருவத்தஞ்சாம் நம்பர வுட்டு வைங்கம்மா. தீனி நான் பாத்துக்கிறேன். அது என்னா ஆவுதுன்னு பாக்கணும்."

உபரி முயலுக்கும் அன்றே ஊசி போட வேண்டும் என்பதுதான் விதி. வைஷ்ணவியின் பேராசிரியர் துக்கல் சார் விதி தவறாதவர். ஆனால் அவர் அன்று மாநாட்டுக்கு பெங்களூர் போயிருந்தார். வைஷ்ணவி பதிவேட்டில் என்ன எழுதினாளோ, இருபத்தைந்தாம் நம்பர் மூலைக் கூண்டுக்குப் போனது.

மழைக்காலம் முழுக்க அது நன்றாகத் தின்றது. முயல் வலியைக் கத்திச் சொல்லாது. புழுக்கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உருண்டையாக, பெரிதாக இருந்தால் சுகம். சிறுத்துப்போனால் ஏதோ சரியில்லை. கலியன் தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கூண்டின் தட்டைத்தான் இழுத்துப் பார்த்தான். பட்டாணி போல் இருக்கும். மனசு லேசாகும். இன்னும் பதினோரு நாளுக்கு எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொள்வான். அந்த முயலுக்கு யமுனைக் கரையிலிருந்து வரும் பச்சைத் தீவனத்தில் இளசாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டான். தன் டிபன் டப்பாவில் பவுனு வைக்கும் கேரட்டும் அதற்குத்தான் போனது.

நவம்பரில் அவனுக்கு இழுக்க ஆரம்பித்தது.

முதலில் குந்தி உட்காரும்போது மட்டும். உள்ளே ஒரு கயிற்றை யாரோ மெதுவாகச் சுண்டுவது போல. பிறகு பஸ் படி ஏறும்போது. டிசம்பர் குளிரில் விடிகாலையில் எழுந்தால் வலது தொடை உட்பக்கம் எரியும். தழும்புக்கு அடியில் விரலால் அழுத்தினால் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பாக்கு அளவு. முன்பு தட்டையாக இருந்த இடம்.

பவுனுவிடம் சொல்லவில்லை. வைஷ்ணவியிடமும் சொல்லவில்லை. முயல் நன்றாகத் தின்கிறதே என்று தேற்றிக்கொண்டான். அது பதினோரு நாள் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு ஒன்றும் இல்லை என்றால் தனக்கு என்ன வந்துவிடப் போகிறது?

பிப்ரவரியில் முயல் ஒருக்களித்து உட்கார ஆரம்பித்தது. கூண்டின் இடது மூலையில் ஒடுங்கி, முதுகைக் கூனி, பின்னங்காலை வயிற்றுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது. கலியன் கையில் எடுத்தான். அடிவயிற்றில் தட்டையான வலை இருந்த இடத்தில் ஒரு சின்ன உருண்டை. அவனுக்கு இருந்தது போலவே.

மார்ச்சில் புழுக்கை மிளகு அளவுக்குச் சிறுத்தது. கேரட்டை முகர்ந்துவிட்டு அப்படியே விட்டது. ஏப்ரல் ஏழாம் தேதி திங்கட்கிழமை காலையில் தட்டு காலியாக இருந்தது. முயல் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

வைஷ்ணவி வந்து கையுறை மாட்டினாள். "நீங்க வெளில இருங்க, அண்ணா. நான் சொல்றேன்."

"இல்லம்மா. நான் பாக்கணும்."

அவள் கீறினாள். வாடை அடித்தது. நாலு சென்டிமீட்டர் சதுரம் என்ற பேச்சே இல்லை. வலை பீடிக்கட்டை போலச் சுருண்டு, சுற்றிலும் வெள்ளைத் தழும்பு ஏறி, கல்லாகக் கிடந்தது. அதன் ஒரு முனை குடலோடு ஒட்டியிருந்தது. ஒட்டிய இடத்தில் குடல் ஓட்டையாகியிருந்தது. நூலின் நுனி அந்த ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தது.

வைஷ்ணவி கத்தரியைக் கீழே வைத்தாள். "இது ஒரு முயல்தான், அண்ணா," என்றாள். "இதுக்கு நாங்க வெச்சது வயித்துக்கு உள்பக்கம், குடலை ஒட்டி. உங்களுக்கு வெச்சது சதைக்கு நடுவுல. ரெண்டும் வேற. முயலோட நாளும் நம்ம நாளும் ஒண்ணு இல்லை…"

"எனக்கும் இழுக்குது."

"என்ன?"

"நவம்பர்லேர்ந்து இழுக்குதும்மா. கெட்டியா உருண்டை இருக்குது."

"நவம்பர்லேர்ந்தா? அஞ்சு மாசமா? ஏன் சொல்லலை?"

கலியன் முயலைப் பார்த்தான். "இது நல்லாத் தின்னுட்டு இருந்துச்சு," என்றான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனான். வேறு டாக்டர். தொட்டுப் பார்த்துவிட்டு ஆபரேஷன் நன்றாக ஆறியிருக்கிறது, ஹெர்னியா திரும்ப வரவில்லை, வலி மனசில்தான் என்று மாத்திரை எழுதித் தந்தார். மூன்று நாள் கழித்து மறுபடி போனான். அதே மாத்திரை. பவுனுவுக்குச் சந்தேகம் வந்து உலுக்கிக் கேட்டதில் இழுப்பதை மட்டும் சொன்னான். முயலைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் போகலில் வேலை செய்யும் வீடுகளில் லீவு கேட்டுவிட்டு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள்.

முயல் செத்துப் பதினோராம் நாள் ஏப்ரல் பதினெட்டு, வெள்ளிக்கிழமை. கலியன் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. வேலைக்கும் போகவில்லை. குடிசை வாசலில் சுவரோரமாக, அடிவயிற்றில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வயிறு உருண்டபோதெல்லாம் வேர்த்தது. நாலாவின் கறுப்புத் தண்ணீரைத் தாண்டி ரயில் போகும்போது உள்ளே இருக்கும் உருண்டையும் சேர்ந்து அதிர்வது போல இருந்தது. பவுனு இரண்டு தடவை கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு தடவையும் ஆறிப்போய் எடுத்துக்கொண்டு போனாள். "என்னாத்தய்யா அப்படி எதிர்பாத்துட்டு உக்காந்திருக்குற?" என்று கேட்டாள். பொழுது சாய்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

நடக்காததில் அவனுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. இத்தனை மாதமும் ஒரு நாள் கணக்கு இருந்தது. இனிமேல் அவனுக்கு முன்னால் போய்ப் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை.

திங்கட்கிழமை வைஷ்ணவி அவனோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவள் இங்கிலீஷில் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. முயலின் வயிற்றில் எடுத்த படத்தை மேஜைமேல் வைத்தாள். பெரிய டாக்டர் முயல் படத்தை ஒரு விரலால் நகர்த்தி வைத்துவிட்டு, கலியனைப் படுக்கச் சொல்லி, அந்தப் பாக்கு அளவு உருண்டையைத் தானே அழுத்தினார். கலியன் அலறிவிட்டான். அவர் முகம் மாறியது. ஸ்கேன் எழுதினார். வலை சுருண்டு கட்டியாகி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருப்பதாக ஸ்கேன் சொன்னது.

ஜூலையில் மறுபடி ஆபரேஷன் செய்தார்கள். ஒரு மணி நேரத்தில் முடியும் என்றது மூன்றரை மணி நேரம் ஆனது. மயக்கம் தெளிந்ததும் பெரிய டாக்டர் வந்து சொன்னார்: முக்கால்வாசி எடுத்தாயிற்று. ஒரு ஓரம் காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டிக்கிடக்கிறது. பிய்த்தால் உயிருக்கு ஆபத்து. விட்டுவிட்டோம். இரண்டு விரல் நகம் அளவுதான். பயப்பட வேண்டாம், கனம் மட்டும் இனிமேல் தூக்கக் கூடாது. பவுனு அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

எடுத்த துண்டில் ஒரு பகுதியை எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள் வைஷ்ணவி.

ஆகஸ்டில் கலியன் வேலைக்குத் திரும்பினான். இழுப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அன்று மதியம் வைஷ்ணவி அவனை மேலே கூப்பிட்டாள். மேஜையில் அவளுடைய கட்டுரை அச்சாகி வந்திருந்தது.

"இதுல இருவத்தஞ்சு இருக்குதா?"

"எழுதினேன். துக்கல் சார் அடிச்சுட்டார். ஒரே ஒரு முயலை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னார்." "அவர் சொல்றதும் தப்பு இல்லை, அண்ணா. அடுத்த ஸ்டடிக்குப் பணம் வந்திருக்கு. அதுவும் தொண்ணூறு நாள்தான்," என்றாள்.

கலியன் தலையசைத்தான். "என்னோடது எங்க?"

அவள் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள்.

அவனுக்கு இப்போது ஒரு கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை. ரோஜா நிறம், வெள்ளை ஓட்டைகள். ஓட்டையின் ஓரங்கள் முயலில் பார்த்ததுபோல் வழவழப்பாக இல்லை, வெடிப்பு விட்டிருந்தன. ஒவ்வொரு ஓட்டையையும் சுற்றிப் பெரிய பெரிய செல்கள். ஒன்றில் முப்பது புள்ளிகள்வரை எண்ணினான், அதற்குமேல் கலந்துபோனது. அவற்றுக்கு வெளியே இன்னும் சின்னச் சின்னப் புள்ளிகள், புதிதாக வந்து வரிசையில் நிற்பவை போல.

"பதினாறு மாசம்," என்றான். "இன்னும் புதுசா வந்துட்டே இருக்குது."

"ஆமா."

"எதுவரைக்கும்மா?"

"அது உள்ள இருக்கிற வரைக்கும்."

அவன் கண்ணை எடுக்காமலே கேட்டான். "ஓரத்துல ஒண்ணு வுட்டு வெச்சிருக்காங்களே?"

வைஷ்ணவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று கலியனுக்குப் பிறகுதான் புரிந்தது. எழுந்து விளக்கை அணைத்தான். மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டான். "வுடுங்கம்மா. நீங்க வரலன்னா இன்னும் மாத்திரதான் தின்னுட்டு இருப்பேன்," என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தான். புது முயல்கள் வந்திறங்கியிருந்தன. முப்பது. சாயங்காலம்வரை கூண்டுகளுக்கு நம்பர் மாட்டினான்.

வீட்டில் பவுனு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். பல மாதமாக அவள் கவுச்சி சமைக்கவில்லை, வேண்டுதல். ஆஸ்பத்திரிச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் இருந்த இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது.

"டாக்டரம்மா பாத்து என்னாய்யா சொல்லுச்சு? எல்லாத்தையும் எடுத்துட்டாங்களாமா?"

கலியன் கை கழுவினான். துண்டில் துடைத்தான். அவளைப் பார்த்தான். இந்த ஒன்றரை வருஷத்தில் அவளுடைய கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்திருந்தது.

"எடுத்துட்டாங்க. ஒண்ணும் மிச்சம் இல்ல."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான். கண்ணால பாத்தேன்."

பவுனு சீட்டை மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு கதவைத் திறந்து, பக்கத்துக் குடிசை ஆராயியிடம், "எக்கா, எல்லாம் போயிடுச்சாம்க்கா!" என்று சத்தமாகச் சொன்னாள். திரும்பி வந்து சோறு போட்டாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, பல நாள் கழித்துத் தானும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள்.

வெளியே தண்ணீர் டாங்கர் லாரியின் ஹாரன் கேட்டது. தடதடவென்று எல்லாக் கதவும் திறந்தன. முதல் ஆபரேஷனிலிருந்து தண்ணீர் முழுக்கப் பவுனுதான் சுமந்தாள். பழக்கத்தில் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழப் போனவள், பாதியில் நின்றாள்.

"யோவ், இனிமே நீ தூக்கலாம்ல?"

"தூக்கலாம்," என்றான் கலியன்.

"அப்ப நீயே போய்ட்டு வா. நான் ஒரு வாய் நிம்மதியா உக்காந்து தின்னுறேன்."

அவன் இரண்டு இருபது லிட்டர் கேன்களையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். வரிசையில் நின்றான். முறை வந்ததும் குழாயை வாங்கி இரண்டையும் கழுத்துவரை நிரப்பி மூடினான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கைக்கு ஒன்றாகத் தூக்கினான்.